டிரைவர் கதவில் இரண்டு தட்டு

"…வழுக்கிட்டு ஏட்டையா. சாரல் ஈரம்லா, தரை பூராவும் பாசி. சக்கரத்துக் கட்டைய எடுக்கக் குனிஞ்சேன், காலு உள்ள போயிட்டு. அண்ணாச்சி மேல ஒண்ணும் எழுதிறாதீங்க. அவுகளுக்கு எதுவும் தெரியாது."

தென்காசி ஆஸ்பத்திரியில், சுவரோரக் கட்டிலில் படுத்தபடி மைதீன் இப்படிச் சொன்னான். போலீஸ் ஏட்டையா ஸ்டூலில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கால்மாடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன்… போர்வைக்குள் ஒரு கால்தான் இருந்தது. வலது காலை முந்தின நாள் சாயங்காலமே முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இது நடந்து எட்டு வாரம் ஆகிறது. ஏழு வாரமாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. "என்ன டிரைவர் சார், வண்டி பிரேக்டவுனா?" என்று கார்டு போட்டுக் கேட்டவர்கள் பல பேர். பிரேக்டவுன்தான். ஆனால் வண்டி இல்லை.

மைதீனை உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லாமல் 'நம்ம கண்டக்டர்' என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம், செங்கோட்டை வழியாகப் பண்பொழி போகிற வண்டியில் அவன் பின் வாசலில், நான் ஸ்டீயரிங்கில் – ஐந்து வருஷம். வண்டியில் ஏறுகிற ஜனங்களின் பேச்சு, சண்டை, சொலவடை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து உங்களிடம் கொட்டியிருக்கிறேன். ஒன்றைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை. என் கழுத்தைப் பற்றி.

ஏன்? எங்கள் முதலாளி இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர்.

நோய் வந்து ஒன்பது வருஷம். முதலில் இடுப்பில் தொடங்கியது. உட்கார்ந்து ஓட்டுகிற வேலை, இடுப்பு பிடிக்காதா என்று விட்டுவிட்டேன். அப்புறம் அது முதுகில் ஒவ்வொரு படியாக ஏறிக் கழுத்துக்கு வந்து சேர்ந்தது. வேலை செய்தால் வலிக்கும், படுத்தால் குறையும் – அதுதானே உலகத்து வழக்கம்? இந்த வலி நேர்மாறு. படுத்தால்தான் அதிகம். விடிகிற நேரத்தில் முதுகு தேக்குப் பலகை மாதிரி ஆகிவிடும். நான் எழுந்திருக்க மாட்டேன். என்னை எழுப்பி நிறுத்துவார்கள். முதலில் இடது பக்கம் ஒருக்களித்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து, என் மனைவி கோமதி தோளுக்கடியில் கை கொடுத்து… அதற்கே கால் மணி நேரம். பிறகு தவிட்டு ஒத்தடம். எங்கள் வீட்டில் கோழி கூவி விடியாது. வாணலியில் தவிடு வறுபடுகிற வாசனையில்தான் விடியும்.

ஒரு மணி நேரம் நடந்து, அசைந்து, சூடு ஏற்றினால் முதுகு கொஞ்சம் இளகும். கழுத்து மட்டும் இளகுவதை நிறுத்திக்கொண்டது. இடம், வலம் இல்லை. மேல், கீழ் இல்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்ப வேண்டும், சப்பரம் திரும்புகிற மாதிரி.

தண்ணீர் குடிப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். நம் ஊரில் அடுத்தவர் வீட்டு டம்ளரில் வாய் வைத்துக் குடிப்போமா? அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். அண்ணாக்க முடியாதவன் என்ன செய்வான்? சுரண்டையில் ஒரு கல்யாண வீட்டில் தாகம் தாங்காமல் செம்பில் வாய் வைத்துவிட்டேன். அந்த வீட்டு அம்மாள் செம்பை எடுத்துப்போய் வாசலில் வைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். என் கண் முன்னாலேயே. அன்றிலிருந்து வெளியூரில் நான் தண்ணீர் கேட்பதில்லை. இதைக் கண்டுபிடித்தவன் மைதீன். ஒரு நாள் டிக்கெட் பையிலிருந்து புது அலுமினிய டம்ளர் ஒன்றை எடுத்து நீட்டினான். "அண்ணாச்சி, இது உங்களுக்குன்னே வாங்கினது. வாய் வச்சுக் குடிங்க, கடிச்சுக்கூடக் குடிங்க. எவன் கேக்கான்?" என்றான்.

எனக்கு வலி இருப்பது எல்லோருக்கும் தெரியும். பஸ் டிரைவருக்கு வலி இல்லை என்றால்தான் ஆச்சரியம். கழுத்து திரும்பவே திரும்பாது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும் – கோமதிக்கு, டாக்டருக்கு, மைதீனுக்கு.

டாக்டர் ஒளிவு மறைவு இல்லாத மனிதர். பாளையங்கோட்டைக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "முதுகெலும்பு துண்டு துண்டா இருக்கணும். உனக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு வருது, மூங்கில் கணு மாதிரி. இதைப் போக்க மருந்து கிடையாது. வலியைக் குறைக்க மாத்திரை உண்டு, அது வயித்தை எரிக்கும். மெத்தை வேண்டாம், பலகையில படு. தினமும் உடம்பை அசை. அருவியில கழுத்தைக் கொடுக்காதே. எவனையும் கழுத்துல கை வைக்க விடாதே. வண்டி ஓட்டுறதை விட்டுடு."

கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டேன்.

"பின்னால எடுக்கும்போது என்ன செய்றே?" என்றார்.

"கண்டக்டர் இருக்கான் சார்."

"அவனுக்குக் காய்ச்சல் வந்தா?"

"அன்னைக்கு எனக்கும் காய்ச்சல்னு சொல்லிருவேன் சார்."

அவர் சிரிக்கவில்லை.

கண்ணாடி இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. மேடு பள்ளத்தில் ஆடுகிற கண்ணாடி. சாரல் பட்டால் ஒன்றும் தெரியாத கண்ணாடி. பின் சக்கரத்தடியில் என்ன இருக்கிறது என்பதை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். மற்ற டிரைவர்களுக்கு அது ஒரு நொடி வேலை. எனக்கு அந்த ஒரு நொடிதான் மைதீன்.

நாங்கள் இரண்டு பேருமாக ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். குற்றாலத்தில் வண்டி நிற்கிற இடம் சரிவு. நிறுத்தியதும் பின் சக்கரத்துக்குக் கட்டை போடுவான். கிளம்பும்போது கட்டையை எடுத்து, வண்டியைச் சுற்றி வந்து, என் கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. 'கட்டையும் வெளியே, நானும் வெளியே' என்று அர்த்தம். பிறகு பின்னால் போய் விசில் கொடுப்பான். அப்புறம்தான் நான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பேன். தட்டு விழாமல் எத்தனை விசில் ஊதினாலும் வண்டி நகராது. ஐந்து வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. பயணிகள் கேட்பார்கள், "என்னப்பா, தெனம் கதவத் தட்டுதே, உள்ள பொண்ணா இருக்கு?" என்று. மைதீன் சொல்லுவான், "எங்க அண்ணாச்சி கண்ணத் தொறந்துட்டே தூங்குவாக. தட்டித்தான் எழுப்பணும்."

இனி மருந்துக்கு வருகிறேன்.

நோயாளிக்கு ஊர் பூராவும் வைத்தியர்கள். முடக்கத்தான் இலையை மாவில் அரைத்துத் தோசை. வாதநாராயணன் கீரை. நொச்சி இலை வேது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர், ஏழு நாள் எண்ணெய்ப் பிழிச்சல். எல்லாம் செய்தேன். சில நாள் சுகமாகவும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மருந்து சொன்ன ஒவ்வொருவரும் மறு வாரம் படியேறும்போதே கேட்பார்கள் – "என்ன டிரைவர், மருந்து கேட்டுதா?" அந்த முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல உங்களால் முடியுமா? நான் சொன்னதில்லை. "கேட்டுது ஆச்சி, பாதி வலி போயிட்டு" என்பேன். ஆச்சி முகத்தில் வெளிச்சம் வரும். தீராத நோய்க்காரனுக்கு இரண்டு பாரம். ஒன்று நோய். மற்றது, மருந்து சொன்னவரின் ஆசை. இரண்டாவதைத் தூக்கத்தான் நான் அதிகம் கஷ்டப்பட்டேன்.

இந்த ஆடி மாசம். சீசன் உச்சம். ஊருக்கெல்லாம் சாரல் கொண்டாட்டம். என் எலும்புக்கு அது எமன். குளிர்காற்று பட்டால் கழுத்து முதல் இடுப்பு வரை ஒரே கட்டாக இறுகிவிடும். அன்று காலை முதல் டிரிப்பிலேயே எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மைதீன் பார்த்துக்கொண்டே வந்தான். குற்றாலத்தில் அரை மணி நேரம் ஹால்ட்.

"இறங்குங்க அண்ணாச்சி."

"எதுக்குலே?"

"அருவிக்கு. இத்தனை வருஷமா குத்தாலத்துக்கு வண்டி ஓட்டுதிய, ஒரு நாளாவது தலையக் காட்டியிருக்கியளா? மெட்ராஸ்ல இருந்து வருதான், கல்கத்தால இருந்து வருதான், குளிச்சிட்டுக் கம்பை எறிஞ்சிட்டுப் போறான். மூலிகைத் தண்ணி எலும்புக்குள்ள போயிக் கேள்வி கேக்கும்லா."

"டாக்டர் கூடாதுன்னிருக்காருலே."

"அவரு எந்த ஊரு?"

"மாயவரம்."

"பாத்தியளா? அவருக்கு அருவியப் பத்தி என்ன தெரியும்?"

எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு டாக்டர் சொல்வது ஒரு காதில். அருவியைப் பற்றிச் சொல்வது ரத்தத்தில். நானும் உள்ளூர் ஆள்தானே. போனேன்.

எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவரை மைதீன் ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். கல்லில் உட்கார வைத்தார். முதுகில் எண்ணெய் சூடு பறக்கத் தேய்த்தார். சுகமாகத்தான் இருந்தது. "கழுத்து ரொம்ப இறுகிக் கெடக்கே… ஒரு நெட்டி எடுத்தா சரியாயிரும்" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை.

சத்தம் கேட்டது. எனக்கு உள்ளே கேட்டது.

வலி என்று அதைச் சொல்ல மாட்டேன்; வலி என்றால் எனக்குத் தெரியும். வலது கையில் விரல் நுனி வரை நெருப்பு ஓடியது. கண் இருட்டியது. அந்த நிலையில் என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டுபோய் அருவியில் நிறுத்தினார்கள். தண்ணீர் பிடரியில் உலக்கையாக விழுந்தது. எனக்கென்று மிச்சம் இருந்த அசைவு ஒரு விரற்கடை இருக்கும். அதுவும் அங்கே போயிற்று.

வெளியே வந்து துண்டால் துவட்டும்போது மைதீன் என் எதிரே வந்து நின்றான். சட்டையெல்லாம் நனைந்து, தலை சொட்டச் சொட்ட, பரீட்சையில் ஜெயித்த பிள்ளை மாதிரி.

"எப்படி இருக்கு அண்ணாச்சி? கழுத்து லேசாயிட்டுல்லா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

"ஆமாலே. நல்லாத் திரும்புது" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. "நான் சொன்னேம்லா" என்றான். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். "இனிமே நான் கதவத் தட்ட வேண்டியதில்ல. அண்ணாச்சிய எழுப்புத வேல எனக்கு மிச்சம்."

நான் சிரித்தேன்.

வண்டி நிறைய ஜனம். ஈரத் துணி மூட்டைகள், எண்ணெய்த் தலைகள், 'எப்பப்பா எடுப்பே' என்று கத்தல். அருவி இரைச்சல் வேறு. பக்கத்தில் இன்னொரு வண்டியும் கிளம்ப நின்றது. நான் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் கியர் போட்டுக் காத்திருந்தேன். வலது கை மரத்துப்போயிருந்தது.

விசில் கேட்டது.

கதவில் தட்டு விழவில்லை. எப்படி விழும்? எனக்குத்தான் கழுத்து சரியாகிவிட்டதே. தட்டு வேண்டும் என்று நான் காத்திருந்தால், சரியாகவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடாதா? அவன் முகத்தில் சற்று முன் பார்த்த சந்தோஷத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டதாகிவிடாதா? இதையெல்லாம் யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு விடுகிற நேரம்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

விசில் கொடுத்தது பக்கத்து வண்டிக் கண்டக்டர்.

கட்டை ஈரத்தில் இறுகிக்கொண்டதால் மைதீன் பின் சக்கரத்துக்கு அடியில் வலது காலை விட்டு அதை எத்திக்கொண்டிருந்தான். வேற்று விசில் கேட்டதும் கையைத் தூக்கி 'பொறுங்க' என்று எனக்குக் காட்டியிருக்கிறான். என் பக்கத்துச் சக்கரம்தான். திரும்பிப் பார்க்கிற எந்த டிரைவருக்கும் அந்தக் கை தெரிந்திருக்கும். கட்டை வெளியே வந்துவிட்டது. கால் வரவில்லை.

யாரோ ஒரு புண்ணியவானின் காரில் தென்காசிக்குக் கொண்டுபோனோம். பின் சீட்டில் அவன் தலை என் மடியில். அவனைக் குனிந்து பார்க்க என்னால் முடியவில்லை. முன்னால் தெரிகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவன் நெற்றியைத் தடவினேன். இலஞ்சி தாண்டியதும் அவன் பேசினான்.

"கையக் காட்டினேனே அண்ணாச்சி… பாக்கலியா?"

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு நெற்றியைத் தடவினேன். மடியிலிருந்து என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்திருப்பான் போல.

"கழுத்து சரியாகலியா?" என்றான்.

"நாந்தானே கூட்டிட்டுப் போனேன்" என்று அவனே சொன்னான். பிறகு மயங்கிவிட்டான்.

ஒன்பதாம் நாள் நான் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். லைசென்ஸை மேஜையில் வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார். "போலீஸ்ல எழுதினது எழுதினதா இருக்கட்டும்பா. அவனே வழுக்கிட்டுன்னுட்டான், இனிமே யாரும் ஒன்னையக் கேக்கப் போறதில்ல. நீ ஏன் வாயத் தொறக்கே?" என்றார். இப்போது ஷெட்டில் டைம்கீப்பராக இருக்கிறேன். வண்டிகள் வருகிற நேரம், போகிற நேரம் எழுதுகிறேன். எழுதுவதற்குக் கழுத்து வேண்டியதில்லை.

வலி அப்படியே இருக்கிறது. தவிடு வறுக்கிறோம். பலகையில் படுக்கிறேன். யாராவது "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "வலிக்குது" என்கிறேன். மருந்து சொன்னவர்கள் "கேட்டுதா?" என்றால் "கேக்கல" என்கிறேன். முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும். உங்கள் வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருந்தால் – 'சரியாகிவிட்டதா' என்று கேட்காதீர்கள். 'இன்று எவ்வளவு வலிக்கிறது' என்று கேளுங்கள். அதற்குப் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று ஒரு சொலவடை உண்டு. முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நோட்டில் நான் சேர்த்து வைத்திருப்பதிலிருந்து அதை மட்டும் அடித்துவிட்டேன். சறுக்கினேன் என்று சாக்குச் சொன்னவன் ஒருத்தன். அந்தச் சாக்கு யாருக்கு?

முதலில் தொடங்கிய இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மைதீன் சொல்லி முடித்ததும் ஏட்டையா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன டிரைவர், இவன் சொல்லுதது சரிதானா? நீரு பின்னால திரும்பிப் பாத்துட்டுத்தானே வண்டிய எடுத்தீரு?"

மைதீனும் என்னைப் பார்த்தான். காரில் வந்தபோது பார்க்க முடியாத முகம், இப்போது நேர் எதிரே இருந்தது.

வேறொருவன் என்றால் தலையை ஆட்டியிருப்பான். தலையாட்டுவது பாதிப் பொய்தான். வாய் அதில் சேராது. எனக்கு அந்த வசதியும் இல்லை. வாயைத் திறந்து முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆமாய்யா. பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

ஏட்டையா எழுதிக்கொண்டார்.

மைதீன் இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, மெதுவாக, தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.